ஏத்துமீனுக்கு முறை எழுதியவன்

"சமமாப் பிரிச்சு எழுதிடுங்க" என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்தால் எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவி வருகிறது. மரியாதைக் குறைவு என்று தெரியும். வாயை மூடிக்கொண்டுதான் விடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் திருவண்ணாமலையில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அண்ணன் தம்பிக்குப் பாகப் பிரிவினை எழுதி எழுதியே விரல் காய்த்துப் போனது. நிலத்தைப் பாதியாக்கலாம், வீட்டைப் பாதியாக்கலாம், முற்றத்து முருங்கை மரத்தைக்கூட வருஷம் மாற்றி வருஷம் அனுபவிக்கச் சொல்லி எழுதலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகும்போது இரண்டு பேர் முகமும் தொங்கித்தான் இருக்கும். சிரித்துக்கொண்டு போன அண்ணன் தம்பியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் எழுதியதிலேயே பெரிய பிரிவினை ஒன்று முத்திரைத் தாளில் ஏறவில்லை. பதிவும் ஆகவில்லை. பள்ளிக்கூட நோட்டில் கிழித்த நான்கு தாளில் எழுதியது. அது மீனுக்கு எழுதிய பிரிவினை. எழுபதுகளின் கடைசியில், பத்திரம் எழுத லைசென்ஸ் வாங்கிய புதிதில், எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் எழுதினேன்.

மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை தாண்டி சைக்கிளில் ஒரு மணி நேரம் மிதித்தால் எங்கள் ஊர். ஒரே கால்வாயில் கோத்த மாதிரி இரண்டு ஏரிகள் அங்கே. மேலே இருக்கும் ஏரியை ஒட்டி ஒரு ஊர், கீழே இருக்கும் ஏரியை ஒட்டி எங்கள் ஊர். நாங்கள் அவர்களை மேலூரார் என்போம். அவர்கள் எங்களைக் கீழூரார் என்பார்கள். கோபம் வந்தால் இரண்டு பக்கமும் வேறு பேர்களும் உண்டு.

மழை நன்றாகப் பிடித்தால் மேல் ஏரி நிரம்பி, கோடி போகும். கோடி என்பது கரையில் கல்லால் கட்டிய தாழ்ந்த இடம். ஏரி தாங்காத தண்ணீர் அதன் மேல் வழிந்து, கால்வாயில் இறங்கி, எங்கள் ஏரிக்கு வரும். அந்தப் புதுத் தண்ணீரின் வாசம் பட்டதும் எங்கள் ஏரியில் இருக்கும் மீனுக்கெல்லாம் ஒரு வேகம் பிறக்கும். கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் எல்லாம் வயிறு நிறைய சினையோடு, தண்ணீரை எதிர்த்துக் கால்வாயில் ஏறும். அதற்கு ஏத்துமீன் என்று பேர். ஏறிப்போய் மேல் ஏரியில் முட்டை விடும். அதாவது, நாங்கள் விட்டால்.

நாங்கள் விட மாட்டோம். கால்வாய் வந்து ஏரியில் சேரும் இடத்திலேயே மூங்கில் தட்டியை நட்டு, வலையைக் கட்டி அள்ளிவிடுவோம். எங்கள் ஏரி மீன், எங்களுக்குத்தான் என்பது எங்கள் நியாயம். தப்பி ஏறுவதை மேலூரார் கோடிக்குக் கீழே நின்று கூடையால் கவிழ்த்துப் பிடிப்பார்கள். எங்கள் ஏரித் தண்ணீரைத் தேடித்தானே மீன் வருகிறது என்பது அவர்கள் நியாயம். கேட்டால் இரண்டும் சரியாகத்தான் இருக்கும். எனக்கு இதுதான் அலுப்பு. ஒரு பக்கமாவது அநியாயம் பேசியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

என் அக்காவை மேலூரில் கொடுத்திருந்தோம். அப்பா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா நடவு, களை என்று காட்டுக்குப் போய்விடுவாள். என்னை வளர்த்தது என்னைவிட நான்கு வயது பெரிய அக்காதான். மீன் குழம்பு வைத்த நாளில் பங்கு போடுவது அவள் வேலை. இருக்கும் துண்டுகளை இரண்டு தட்டில் வைத்து, "சமமா இருக்காடா?" என்று கேட்பாள். நான் என் தட்டையும் பார்ப்பேன், அவள் தட்டையும் பார்ப்பேன். "இருக்குது" என்பேன். அவ்வளவுதான், சாப்பிட உட்கார்ந்துவிடுவோம். அவள் பங்கு போட்டதில் எனக்கு ஒரு நாளும் குறை தெரிந்ததில்லை.

அவளுக்குக் கல்யாணமான மறுவருஷம் ஐப்பசியில் கோடி போனது. வழக்கமான வாய்ச்சண்டை அந்த வருஷம் மூங்கில் கழிக்குப் போய்விட்டது. எங்கள் ஊர்க்காரன் வீசிய கழி மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், மண்டையைப் பிளந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆறு தையல். அக்கா அப்போது மூன்று மாதம். மேலூரில் கூட்டம் போட்டுப் பேசி, கீழூரோடு போக்குவரத்து இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். பெண் கொடுத்தவர்கள் பெண்ணைப் பார்க்கப் போகக் கூடாது. அவளும் வரக் கூடாது.

தலைப் பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வர வேண்டும். அம்மாவுக்கு அது ஒன்றுதான் பேச்சு. வாரக் கடைசியில் நான் ஊருக்குப் போய் சைக்கிளை நிறுத்துவதற்குள் கேட்டுவிடுவாள்.

"உங்க அக்காவ எப்படா கூட்டிக்கினு வர்றது?"

"நான் இன்னாம்மா பண்றது? ஊர்ல பேசி முடிச்சுட்டாங்க."

"ஊர் ஒலகத்துக்கெல்லாம் பத்திரம் எழுதற. இதுக்கு ஒரு பத்திரம் எழுத மாட்டியா?"

அம்மா கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது பிடித்துக்கொண்டது. எழுதினால் என்ன? கிணற்றைப் பிரிக்கிறோம். ஒரே கிணற்றில் நான்கு பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். அண்ணனுக்கு மூன்று நாள் மோட்டார், தம்பிக்கு மூன்று நாள். உன் முறையில் நீ இறை, என் முறையில் நான் இறைக்கிறேன். கரண்ட் போனால் உன் முறை போனதுதான், அடுத்தவன் முறையில் கேட்கக் கூடாது. லைசென்ஸ் வாங்கிய கொஞ்ச நாளிலேயே நான்கைந்து குடும்பத்துக்கு இப்படி எழுதியிருந்தேன். கிணற்றுக்கு ஆவது கால்வாய்க்கு ஆகாதா?

இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தேன். அலைந்தேன் என்றே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பெரியவர் நெற்றியில் நாமம் போட்டவர், குரல் உயர்த்தாதவர். மேலூர்ப் பெரியவருக்குக் கொஞ்சம் முன்கோபம். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் அலுத்துத்தான் போயிருந்தது. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்தார்கள் போல. மாசி மாதத்தில் ஒரு காலை, மலை சுற்றும் பாதையில் ஒரு பொது மண்டபத்தில் கூடினோம். அது எந்த ஊருக்கும் சொந்தமில்லாத இடம்.

நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். கோடி போகத் தொடங்கிய நேரம் முதல் மூன்று நாள் ஒரு ஊருக்கு, அடுத்த மூன்று நாள் மற்ற ஊருக்கு, தண்ணீர் நிற்கும் வரை இப்படியே மாறி மாறி. ஒரு ஊரின் முறையில் மற்ற ஊரார் கால்வாயிலோ கோடியிலோ கை வைக்கக் கூடாது. நான்கு எல்லையும் எழுதியிருந்தேன். பழக்க தோஷம்.

"யாரு மொதல்ல?" என்று கேட்டார் மேலூர்ப் பெரியவர்.

"யாரு மொதல்ல ஆரம்பிச்சா இன்னாங்க? சுத்திச் சுத்தி வரப்போவுது. சீட்டுப் போட்டுக்கலாம்."

சீட்டில் கீழூர் வந்தது. எந்த வருஷம் கோடி போனாலும் முதல் மூன்று நாள் கீழூருக்கு என்று தாளில் சேர்த்தேன். இரண்டு பேரும் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, இதில் மாற மாட்டோம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் மலையைப் பார்த்துச் சொன்ன சொல்லுக்கு அப்பால் பேச்சில்லை. மறு வாரமே அக்காவை வண்டி கட்டி அழைத்து வந்தோம். வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். "எம் புள்ள எழுதுன எழுத்து" என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கும் தலைகால் புரியவில்லை. பொய் சொல்வானேன்.

அடுத்த இரண்டு வருஷமும் ஐப்பசியில் கோடி போனது. யாரும் கழி தூக்கவில்லை, கல் எறியவில்லை. எங்கள் ஊரார் முதல் மூன்று நாளில் கூடை கூடையாக அள்ளினார்கள். நான்காம் நாள் மேலூரார் இறங்கினார்கள். இரண்டாம் வருஷம் நான் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசாதவர். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவே இல்லை.

"இன்னா மாமா, எவ்ளோ கெடச்சுது?"

"கொழம்புக்கு வரும்."

"மூணு நாள் மொறையில அவ்ளோதானா?"

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "மச்சான், உன் எழுத்துல ஒரு கொறயும் இல்ல. மீனுதான் அதைப் படிக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏத்துமீன் ஏறுவது புதுத் தண்ணீரில். முதல் நாள், மிஞ்சிப் போனால் மறுநாள் மதியம் வரைக்கும். அதற்கு மேல் தண்ணீர் தெளிந்துவிடும், மீனுக்கும் வேகம் அடங்கிவிடும். நான்காம் நாள் இறங்குகிறவன் முழங்கால் தண்ணீரில் நின்று மலையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். கிணற்றுத் தண்ணீர் முறைக்குக் காத்திருக்கும். மீன் காத்திருக்காது. சின்ன வயதில் அந்தக் கால்வாயிலேயே கிடந்து புரண்டவன் நான். எனக்குத் தெரியாத விஷயமா? பேனாவை எடுத்ததும் மறந்துவிட்டது. நாளைச் சமமாகப் பிரித்துவிட்டு மீனைச் சமமாகப் பிரித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாத்தி எழுதிடலாம் மாமா" என்றேன்.

"மலையைப் பாத்துச் சொல்லியாச்சு. உங்க ஊர்க்காரங்க ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ளவில்லை. சாடை மாடையாகக் கேட்டுப் பார்த்தேன். சீட்டில் வந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றார்கள். ஒருவன் மட்டும் முகத்துக்கு நேரே, "அக்காவ குடுத்த ஊருக்குப் பரிஞ்சு பேசறியா?" என்றான். அந்தப் பேச்சு என்னைச் சுட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த வருஷம் மழை ஆவணியிலேயே பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு அந்த ஆவணியில் இரண்டாவது பிரசவம். இந்த முறை மேலூரிலேயே ஆண் குழந்தை பிறந்தது. பிறந்து பத்து நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, பால் சுண்டிப்போயிற்று. குழந்தை அழுதபடி இருக்கிறது என்று சேதி வந்தது. வேலை இருந்ததால் நான் உடனே போகவில்லை.

புரட்டாசி முதல் சனிக்கிழமை காலையில் மேல் ஏரி கோடி போனது. புரட்டாசியில் கோடி போய் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எழுதும்போது அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

மலை சிவனுடையது. ஆனாலும் எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குக் குலதெய்வம் பெருமாள். புரட்டாசி மாதம் முழுக்க மீன், கறி எதுவும் வீட்டுக்குள் வராது. சனிக்கிழமை நாமம் போட்டு, சொம்பை ஏந்திக் கோவிந்தா சொல்லி, பெருமாளுக்குத் தளிகை என்கிற படையலைப் போட்ட பிறகுதான் சாப்பாடு. மேலூராருக்கு அந்தக் கட்டு இல்லை. அவர்கள் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் நோன்பெல்லாம் ஆடியோடு முடிந்துவிடும்.

நான் அன்று டவுனில் என் அறையில் இருந்தேன். நாமம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனை ஊரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான்.

"ரெண்டு ஊரும் கால்வாய்ல நிக்குது. உன்ன இட்டாரச் சொன்னாங்க."

போனபோது வெயில் ஏறியிருந்தது. அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, பிறகு சிரிப்பு போய்விடுகிறது. கோடியிலிருந்து செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுகிறது. கால்வாய் முழுக்க மீன். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கல்லில் மோதி விழுந்து, மறுபடி தாவுகிறது. மேற்குக் கரையில் மேலூரார் கூடையும் வலையுமாக நிற்கிறார்கள், முறை அவர்களுடையது இல்லை. கிழக்குக் கரையில் கீழூரார் நாமத்தோடும் வெறுங்கையோடும் உட்கார்ந்திருக்கிறார்கள். முறை அவர்களுடையது, ஆனால் தொட மாட்டார்கள். தாங்கள் தொடாத மீனை மற்றவன் தொடுகிறானா என்று காவல் இருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் மீன் மட்டும் ஜோராக ஏறிக்கொண்டிருந்தது.

மேலூர்ப் பெரியவர் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "எழுதுனவரே, நீங்களே சொல்லுங்க. அவங்க புடிக்கல. எங்களையும் புடிக்க வுட மாட்டேன்றாங்க. இது இன்னா நாயம்?"

எங்கள் பெரியவர் மெதுவாகச் சொன்னார். "எங்க மொறையில கால்வாய்ல ஒரு உசுரு போனா, அந்தப் பாவம் எங்களுக்குத்தான். யாரு கை புடிச்சா இன்னா? விரத மாசங்க."

"அப்போ மொறைய மாத்திக் குடுங்க. மொத மூணு நாள் எங்களுக்கு."

"மூணு நாள் கழிச்சும் புரட்டாசிதானே? எங்களுக்கு இன்னா கெடைக்கும்? தண்ணிதான் கெடைக்கும்."

"இத்தினி வருசமா எங்களுக்கு அதுதானே கெடச்சுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வந்த களைப்பில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். என்னிடம் ஒரு நியாயமும் இல்லை. நான்கு தாள் எழுத்துதான் இருந்தது. கிணற்றுப் பத்திரத்தில் என்ன எழுதுவேனோ அதையே சொன்னேன்.

"மொறைன்னா மொறைதாங்க. புடிச்சாலும் அவங்க மொறை, புடிக்கலன்னாலும் அவங்க மொறை. செவ்வாக்கெழம காலையில உங்க மொறை."

மேலூர்ப் பெரியவர் கால்வாயைப் பார்த்துக் காறித் துப்பினார். ஆனால் மீறவில்லை. மலை எதிரிலேயே நின்றது.

அப்போது மாமா கூட்டத்திலிருந்து விலகி, தண்ணீரைக் கடந்து என்னிடம் வந்தார். கையில் சின்ன வலை ஒன்று. அந்த மனிதர் என்னிடம் ஒன்று கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"மச்சான், ஒரே ஒரு விரால். உங்க அக்காவுக்கு. பாலே இல்ல, கொழந்த அழுதுகினே இருக்குது. விரால் கொழம்பு வெச்சுக் குடுத்தா ஊறும்னு சொல்றாங்க."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். ஒளித்துக் கேட்கத் தெரியாதவர். நான் பதில் சொல்லும் முன் எங்கள் பெரியவரே முந்திக்கொண்டார்.

"பச்ச ஒடம்புக்காரிக்குத்தானே? எடுத்துக்கட்டும்பா. நான் இப்டி திரும்பிக்கறேன்." சொன்னபடியே மலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

பாவத்துக்குப் பயந்தவரே வழி விட்டுவிட்டார். நான் விடவில்லை. எனக்கு அக்கா நினைவுக்கு வரவில்லை, குழந்தை நினைவுக்கு வரவில்லை. அக்காவைக் கொடுத்த ஊருக்குப் பரிந்து பேசுகிறவன் என்று ஒருவன் சொன்னானே, அவன் எங்கள் கரையிலேயே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம்தான் தெரிந்தது.

"வேணாம் மாமா" என்றேன். "ஒண்ணு எடுத்தா எல்லாரும் எடுப்பாங்க. எழுதுனது எழுதுனதுதான். எங்க அக்காவுக்குன்னு நான் மாத்த முடியாது."

மாமா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். வலையைச் சுருட்டிக்கொண்டு, வந்த வழியே தண்ணீரில் இறங்கிப் போனார். அவர் கால்களுக்கு நடுவில் புகுந்து மீன் மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் தலையை ஆட்டினார்கள். "நேர்மையான ஆளுப்பா" என்று ஒருவர் சொன்னது கேட்டது. எனக்கு அது அப்போது இனிக்கத்தான் செய்தது.

மாமா அன்றே பஸ் ஏறி டவுனுக்குப் போய் மார்க்கெட்டில் மீன் வாங்கிக் கொடுத்தார் என்று பிறகு தெரிந்தது. காய்ச்சல் விட்டதும் பாலும் ஊறியது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவன் என்னைவிட உயரம். நஷ்டம் என்று கணக்குப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நான் எனக்கு நானே பல தடவை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் எதையும் கேட்கவில்லை. "வாடா" என்றாள். குழந்தையைக் கையில் கொடுத்தாள். அம்மாவின் இடுப்பு வலியை விசாரித்தாள். நான்தான் இழுத்துக்கொண்டு போய், "அன்னிக்கி கால்வாய்ல..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா சொன்னாரு" என்றாள். "எழுத்துன்னா அப்படித்தானே இருக்கணும்." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அழுது, முடிந்திருக்கும்.

மூன்று நாளும் யாரும் தொடாமல் ஏறிய மீன் முழுவதும் மேல் ஏரியில் முட்டை விட்டது. அந்தக் கோடையில் மேல் ஏரி வற்ற வற்ற, அப்படி ஒரு மீனை இரண்டு ஊரும் கண்டதில்லை. குட்டை மாதிரி நின்ற தண்ணீரில் கையை விட்டால் மீன். உடனே எங்கள் ஊரில் புதுப் பேச்சு கிளம்பியது. நாங்கள் விரதம் இருந்து விட்டதால்தானே அங்கே மீன், அதில் எங்களுக்குப் பாதி வேண்டும் என்றார்கள். மேலூரார், முறையை விட்டவனுக்கு அப்புறம் என்ன பங்கு, எழுதியவர்தான் அன்றைக்குச் சொன்னாரே என்றார்கள். மறுபடி எனக்கு ஆள் வந்தது.

சித்திரை வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு மேலூர் போனேன். போகும்போதே அசதி. ஏரிக்கரை வேப்ப மரத்தடியில் காலை முழுக்கப் பேச்சு. இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசினார்கள். எனக்குத் தலை வலித்தது. கடைசியில் நானே சொன்னேன், நான் எழுதியது தப்பு என்று. நாளைப் பிரித்ததே தப்பு, முதல் தண்ணீரைத்தான் பிரித்திருக்க வேண்டும், ஒரு வருஷம் முதல் நாள் மேலூருக்கு, மறு வருஷம் கீழூருக்கு, புரட்டாசியில் கோடி போனால் யாரும் தொடாமல் ஏற விட்டுவிட்டு, கோடையில் இரண்டு ஊரும் சேர்ந்து பிடித்துக்கொள்ளலாம் என்று. பிறகு எங்கள் பெரியவர், "இத மொதல்லயே எழுதியிருக்கலாமேப்பா" என்றார். எழுதியிருக்கலாம். பழைய சொல்லை விட்டுவிடுகிறோம் என்று இரண்டு பெரியவர்களும் மலையைப் பார்த்துக் கும்பிட்ட பிறகு புதுத் தாள் எழுதினோம். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் மழை பொய்த்தது. கோடி போகவே இல்லை. நல்ல எழுத்து, வேலையே இல்லாமல் பெட்டியில் கிடந்தது.

அன்று மதியம் சாப்பாடு அக்கா வீட்டில். மாமா ஏரிக்குப் போயிருந்தார். சின்னவன் தூளியில் தூங்கினான். பெண் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. சமையல் கட்டில் நானும் அக்காவும் மட்டும் உட்கார்ந்தோம். சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரியே எதிரும் புதிருமாக. விரால் குழம்பு வைத்திருந்தாள். வாசனையிலேயே பசி கிளம்பியது.

சட்டியில் நல்ல துண்டாக ஒரு நடுத்துண்டு இருந்தது. அதை எடுத்து என் தட்டில் வைப்பாள் என்று, யோசிக்காமலே, தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன். அவள் அதை ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். முள்ளை ஒட்டி விரலால் நிதானமாக இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாதியை எனக்கு வைத்தாள், மறு பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டாள். பிறகு குழம்பை ஊற்றினாள். எனக்கு இரண்டு கரண்டி, அவளுக்கு இரண்டு கரண்டி.

"சமமா இருக்கா பாத்துக்க" என்றாள்.

குரலில் குத்தல் இல்லை. கேலி இல்லை. பார்த்தேன். இரண்டு தட்டும் ஒன்றாக இருந்தன. அப்போதுதான் பழைய தட்டுகள் நினைவுக்கு வந்தன. அம்மா காட்டுக்குப் போன மதியங்களில் அவள் வைத்த தட்டுகள். அதில் ஒன்றுகூட இப்படி இருந்ததில்லை. என் தட்டில் எப்போதும் பெரிய துண்டு, அவள் தட்டில் வாலும் முள்ளும். அதைப் பார்த்துத்தான் நான் "இருக்குது" என்று சொல்லியிருக்கிறேன். அவளும் தலையாட்டியிருக்கிறாள்.

"இருக்குதுக்கா" என்றேன்.

"சாப்புடு. ஆறிடும்" என்றாள்.

அக்கா இன்னும் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை என்று ஒன்று வந்ததே இல்லை. பண்டிகைக்குப் போகிறேன், வருகிறேன், அவள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு முறைகூட அவள் எனக்குக் கம்மியாக வைத்ததில்லை. ஜாஸ்தியாகவும் வைத்ததில்லை.